மயிலை தந்த இயற்கை அன்பர் மா. கிருஷ்ணன்

மயிலாப்பூரிலிருந்து அடையாறு செல்லும் பேருந்து திரு.வி.க. பாலத்தின் மீது ஏறும்போது நம்மில் பெரும்பாலோர் என்ன செய்கிறோம்? பக்கத்தில் இருக்கும் தோழியுடன் தேர்வைப் பற்றிப் பேசுகிறோம். அல்லது ஆற்றின் வாடைக்கு அஞ்சி மூக்கைப் பொத்திக் கொள்கிறோம். கீழே சேற்றுத் திட்டில் அசையாமல் நிற்கும் கொக்கை நாம் காண்பதில்லை. உலகின் வேறு பகுதிகளில், ஊற்று நீர் பளிங்கு போல் ஓடும் ஆறுகளில் சிறு படகைச் செலுத்தி, ஓசைப்படாமல் கரையோர விலங்குகளைக் கண்டு மகிழ்வோர் உண்டு. நமக்கு அத்தகைய ஆறும் இல்லை, படகும் இல்லை. பிறகு எதைக் காண்பது என்று கேட்கத் தோன்றும். இக்கேள்விக்குத் தம் வாழ்க்கையையே விடையாகத் தந்த ஒருவர் நம் மயிலையிலேயே வாழ்ந்தார். அவர்தாம் மா. கிருஷ்ணன்.

கிருஷ்ணன் 1912ஆம் ஆண்டு ஜூன் 30ஆம் நாள் திருநெல்வேலியில் பிறந்தார். எட்டுப் பிள்ளைகளில் அவரே கடைக்குட்டி. தந்தையார் அ. மாதவையா, ‘பத்மாவதி சரித்திரம்’ எழுதிய தமிழ் நாவல் முன்னோடி. அவர் அரசின் உப்பு இலாகாவில் பணியாற்றி, ஓய்வு பெற்றபின் ‘பஞ்சாமிர்தம்’ என்னும் இதழை நடத்தினார். மயிலையில் எட்வர்ட் எலியட்ஸ் சாலையில் இருந்த அவர்களது இல்லத்திற்கு, சொந்த ஊரின் நினைவாகப் ‘பெருங்குளம் ஹவுஸ்’ என்று பெயர். அச்சாலையே இன்றைய டாக்டர் இராதாகிருஷ்ணன் சாலை.

இன்று அங்கே வாகனங்களின் இரைச்சலைத் தவிர வேறொன்றும் கேட்பதில்லை. கிருஷ்ணன் சிறுவனாக இருந்த நாளில் அப்பகுதியில் புதர்கள் மண்டிக் கிடந்தன. பறவைகள் நிறைந்திருந்தன, நரிகள் திரிந்தன, வெளிமான்களும் இருந்தன என்றால் நம்ப முடிகிறதா? அச்சிறுவன் ஒரு கீரிப்பிள்ளையைச் செல்லமாக வளர்த்தான். காட்டைத் தேடி அவன் போகவில்லை. காடு அவன் வீட்டு வாசலுக்கே வந்திருந்தது.

அந்த இனிய பருவம் திடீரென்று முடிந்தது. 1925ஆம் ஆண்டு அக்டோபரில், சென்னைப் பல்கலைக்கழக ஆட்சிமன்றக் கூட்டத்தில் தமிழைப் பட்டப்படிப்பில் கட்டாயப் பாடமாக்க வேண்டுமென்று பேசி அமர்ந்த மாதவையா, அவ்விடத்திலேயே உயிர் நீத்தார். கிருஷ்ணனுக்கு அப்போது வயது பதின்மூன்று. மூத்த சகோதரி இலட்சுமி அம்மையாரே தாயினும் பரிவுடன் அவரை வளர்த்தார்.

திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியில் பயின்றபின், 1927இல் மாநிலக் கல்லூரியில் சேர்ந்தார். அங்கே தாவரவியல் பேராசிரியராக இருந்தவர் பைசன். தென்னாட்டு மலைகளின் செடிகொடிகளை ஆராய்ந்து நூல்கள் எழுதிய அறிஞர் அவர். அவருடன் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் சென்று, ஒவ்வோர் இலையையும் பூவையும் கூர்ந்து நோக்கக் கிருஷ்ணன் கற்றுக் கொண்டார். பேராசிரியரின் துணைவியாரிடம் நீர்வண்ண ஓவியமும் பயின்றார். ஆயினும் தேர்வுகளில் அவர் பெரிதாகச் சோபிக்கவில்லை. மதிப்பெண் பட்டியலைக் கண்டு மனம் சோர்ந்திருக்கும் தோழியர் இதைச் சற்றே நினைவில் கொள்க!

பின்னர்ச் சட்டமும் படித்தார். ஆனால் எந்த வேலையும் நிலைக்கவில்லை. 1942இல் பெல்லாரிக்கு அருகிலிருந்த சண்டூர் சமஸ்தானத்தில் பணி கிடைத்தது. ஆசிரியர், நீதிபதி, விளம்பர அதிகாரி, அரசரின் அரசியல் செயலாளர் என்று பல பொறுப்புகளை அங்கே வகித்தார். ஓய்வு கிடைத்த போதெல்லாம் காடுமேடெல்லாம் சுற்றினார். நாடு விடுதலை பெற்றபின் சமஸ்தானம் இந்தியாவுடன் இணைந்தது. கிருஷ்ணன் சென்னைக்குத் திரும்பினார்.

இங்குதான் அவர் வாழ்வின் பெரிய திருப்பம் வந்தது. குடும்பம் இருந்தது; மாதச் சம்பளம் இல்லை. எவரும் இந்நிலையில் ஏதேனும் ஓர் அலுவலகத்தில் நாற்காலி தேடுவர். கிருஷ்ணனோ எழுத்தையும் புகைப்படத்தையும் நம்பி வாழத் துணிந்தார். 1950இல் கல்கத்தா ‘ஸ்டேட்ஸ்மன்’ நாளிதழில் இயற்கை பற்றிய கட்டுரைத் தொடரைத் தொடங்கி, 46 ஆண்டுகள், தம் இறுதிக்காலம் வரை எழுதினார். யானையையும் புலியையும் பற்றி மட்டுமா எழுதினார்? காக்கை, அணில், ஓணான், தெருவோரத்து மரம் எல்லாம் அவர் கட்டுரைகளில் இடம் பெற்றன. தமிழையும் அவர் மறக்கவில்லை. தமிழ் வளர்ச்சிக் கழகம் வெளியிட்ட ‘கலைக்களஞ்சிய’த்தில் உயிரினங்களைப் பற்றி எழுதினார். அவர் மறைந்தபின் தமிழ்க் கட்டுரைகள் ‘மழைக்காலமும் குயிலோசையும்’ என்ற நூலாகத் தொகுக்கப்பட்டன.

முதுமலை போன்ற காடுகளில் வனத்துறையின் வளர்ப்பு யானை மீதமர்ந்து படம் எடுப்பது அவர் வழக்கம். ஏன் தெரியுமா? மனிதனின் காலடி ஓசை கேட்டால் ஓடி மறையும் விலங்கு, யானையைக் கண்டு அவ்வளவாக மிரளுவதில்லை. நீரில் ஓசையின்றி மிதக்கும் படகு செய்யும் வேலையை, அவருக்குக் காட்டில் யானை செய்தது. பல கருவிகளின் உறுப்புகளை ஒன்று சேர்த்து, கனமான ஒரு காமிராவைத் தாமே அமைத்துக் கொண்டார். அதற்கு வேடிக்கையாக ‘சூப்பர் பாண்டரோசா’ என்று பெயரும் சூட்டினார். வண்ணப்படங்கள் பெருகிய காலத்திலும் கறுப்பு வெள்ளைப் படங்களையே விரும்பினார்.

நீர்ப்பறவைகளுக்காக அவர் ஆற்றிய தொண்டு தனியே சொல்லத்தக்கது. செங்கற்பட்டை அடுத்த வேடந்தாங்கல் ஏரியைப் பற்றி அவர் எழுதிய நூலை 1960இல் வனத்துறை வெளியிட்டது. மழைக்காலத்தில் ஏரி நிறைந்ததும், நீரில் நிற்கும் கடம்ப மரங்களில் நாரைகளும் நீர்க்காகங்களும் வந்து கூடு கட்டும். பறவைகளின் எச்சம் நீரில் கரையும். அந்நீர் வயலுக்குப் பாய்ந்தால் அதுவே உரம். இதை அறிந்த கிராமத்து மக்கள் பறவைகளைச் சுட வருவோரைத் தடுத்தனர். 1798இலேயே ஆங்கிலேயக் கலெக்டரிடமிருந்து பாதுகாப்பு ஆணையும் பெற்றனர். படித்தவர்கள் வனப் பாதுகாப்பைப் பற்றிப் பேசத் தொடங்குவதற்கு நெடுங்காலம் முன்பே, உழவர்கள் அதைச் செய்து காட்டினர் அல்லவா?

1968இல் அவருக்கு ஜவஹர்லால் நேரு ஆய்வு நிதி கிடைத்தது. தென்னிந்தியத் தீபகற்பத்தின் பெரிய விலங்குகளைப் பற்றிய அவரது ஆய்வு 1975இல் நூலாக வந்தது. ‘பத்மஸ்ரீ’ விருதும் பெற்றார். புலிகள் பாதுகாப்புத் திட்டத்தின் குழுவிலும் பணியாற்றினார். 1996ஆம் ஆண்டு பிப்ரவரி 18ஆம் நாள், தாம் வளர்ந்த இச்சென்னையிலேயே இயற்கை எய்தினார்.

தம் பிள்ளைப் பருவத்து நரிகளும் மான்களும் மயிலையை விட்டு மறைந்ததைத் தம் கண்ணாலேயே கண்டவர் அவர். ஆயினும் எல்லாம் போயிற்றென்று கண்ணை மூடிக் கொள்ளவில்லை. எஞ்சியிருந்த அணிலையும் காக்கையையும் அதே ஆர்வத்துடன் நோக்கினார். அவர் நமக்கு விட்டுச் சென்ற பாடம் இதுவே. நோக்காத பொருளை நாம் நேசிப்பதில்லை. நேசியாத பொருளைக் காப்பதுமில்லை.

அடையாற்றின் கழிமுகத்தை ஒட்டிக் குப்பைமேடாய்க் கிடந்த நிலத்தில் 58 ஏக்கரைச் சீர்படுத்தி, நம் மண்ணுக்குரிய மரங்களை நட்டு, 2011இல் தொல்காப்பியப் பூங்காவாகத் திறந்தனர். கெட்டுப் போன இடத்தையும் மீட்க முடியும் என்பதற்கு அது சான்று. தோழியரே! நாளை நம் பேருந்து பாலத்தின் மீது செல்லும்போது, பேச்சைச் சற்றே நிறுத்திச் சன்னல் வழியே கீழே பார்ப்போமா? அந்தக் கொக்கு அங்கேதான் நின்று கொண்டிருக்கும்.