ஆனந்த குமாரசுவாமியின் இளமைப்பருவமும் தன்னடையாள உருவாக்கமும்

ஆய்வுச் சுருக்கம்

கலையியல் அறிஞர் ஆனந்த குமாரசுவாமி (1877–1947) தமிழ்த் தந்தைக்கும் ஆங்கிலேயத் தாய்க்கும் பிறந்தவர். தந்தையையும் அவர்தம் பண்பாட்டையும் நேரில் அறியாமல் இங்கிலாந்தில் வளர்ந்தவர். அவருடைய கீழைத்தேய அடையாளம் பிறப்புவழி வந்த உடைமையன்று. இளமையில் நேர்ந்த பிரிவுக்கு ஈடாகக் கல்வியாலும் உழைப்பாலும் ஈட்டப்பெற்றது. இக்கருத்தை அவர்தம் வாழ்க்கைவழி இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: ஆனந்த குமாரசுவாமி, இருபண்பாட்டு இளமை, தன்னடையாளம், கைவினை மரபு, ஆனந்தத் தாண்டவம்.

முன்னுரை

தில்லைக் கூத்தன் திருவுருவத்திற்குக் குமாரசுவாமி தந்த விளக்கத்தைத் தமிழ் ஆய்வுலகம் நன்கறியும். அவ்விளக்கத்தைப் போற்றுவோர், தந்தைவழித் தமிழ் மரபு அவருள் இயல்பாக ஊறியிருந்தது எனக் கொள்வது உண்டு. அவர் வளர்ந்த சூழலை நோக்கின் இக்கருத்து பொருந்துவதாக இல்லை. அவருடைய உழைப்பின் அருமையையும் அது மறைத்துவிடுகிறது.

இருநிலப் பிறப்பு

குமாரசுவாமி 1877 ஆகத்து 22 அன்று கொழும்பில் பிறந்தார். தந்தை சர் முத்துக்குமாரசுவாமி, யாழ்ப்பாணத்து வேர்கொண்ட குடும்பத்தவர். சட்டநிரூபண சபை உறுப்பினர். இங்கிலாந்தில் பாரிஸ்டர் ஆன முதல் இந்து என அறியப்படுபவர். அரிச்சந்திரன் கதையைக் கூறும் தமிழ் நாடகத்தை ஆங்கிலமாக்கி 1863இல் இலண்டனில் வெளியிட்டார். பாலி மொழியிலிருந்து சுத்தநிபாதப் பகுதிகளையும் தாதாவம்சத்தையும் ஆங்கிலத்திற்குக் கொணர்ந்தார். பொன். இராமநாதனும் பொன். அருணாசலமும் இவருடைய தமக்கையின் மைந்தர்கள். தாய் எலிசபெத் பீபி, கெண்ட் வட்டாரத்தைச் சேர்ந்த ஆங்கிலப் பெண்மணி. குழந்தைக்கு இடப்பட்ட ஆனந்த கெண்டிஷ் குமாரசுவாமி என்னும் பெயரிலேயே தாயின் நிலமும் தந்தையின் குலமும் இணைந்து நின்றன.

அவ்விணைப்பு பெயரளவிலேயே நின்றுவிட்டது. தாய் குழந்தையுடன் இங்கிலாந்து சென்றார். பின்தொடர எண்ணியிருந்த தந்தை 1879இல் கொழும்பிலேயே மறைந்தார். அப்போது குழந்தைக்கு இரண்டு வயது நிறையவில்லை. தந்தையின் முகமோ குரலோ மொழியோ நினைவில் நிற்கக்கூடிய பருவம் அதுவன்று.

இங்கிலாந்தில் இளமை

தாயின் அரவணைப்பில் வளர்ந்த சிறுவன் பன்னிரண்டாம் அகவையில் குளோசுட்டர்சயரிலுள்ள விக்ளிஃப் கல்லூரிப் பள்ளியில் சேர்ந்தான். பேச்சும் படிப்பும் ஆங்கிலத்திலேயே அமைந்தன. தமிழ் அவருக்கு வீட்டு மொழியாக வாய்க்கவில்லை. கீழைத்தேயம் அவருக்குப் பெயராகவும் தோற்றமாகவும் உடனிருந்ததேயன்றி வாழ்வாக அமையவில்லை.

இந்நிலையில் அவர் நாட்டம் இரு துறைகளில் சென்றது. ஒன்று நிலவியல். இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் நிலவியலும் தாவரவியலும் பயின்று 1900இல் பட்டம் பெற்றார். மற்றொன்று, இயந்திர உற்பத்தியை மறுத்துக் கைவினையைப் போற்றிய வில்லியம் மோரிசின் சிந்தனை. மோரிசு ஈடுபாடு காட்டிய ஐசுலாந்து இலக்கியத்தின் பழம்பாடலான வோலுஸ்பாவைக் குமாரசுவாமி ஆங்கிலத்தில் பெயர்த்து 1905இல் கண்டியில் வெளியிட்டார். தமக்கு உரிமையற்ற ஒரு தொன்மரபைக் கற்று அணுகும் பயிற்சியை அவர் இங்ஙனம் முன்னரே பெற்றிருந்தார். தந்தையின் மரபையும் பின்னாளில் இவ்வழியிலேயே அணுகினார்.

மீள்வருகை

1903 முதல் 1906 வரை இலங்கைக் கனிம ஆய்வுத்துறையின் இயக்குநராகப் பணிபுரிந்தார். தோரியனைட்டு என்னும் புதிய கனிமத்தின் கண்டுபிடிப்பு இக்காலத்தது. பாறைகளைத் தேடி ஊர்தோறும் சென்றவர், ஆதரவிழந்து நலிந்திருந்த கம்மாளரையும் ஓவியரையும் நெசவாளரையும் கண்டார். மனைவி எதெல் ஒளிப்படங்கள் எடுக்க, குமாரசுவாமி தொழில்முறைகளைக் குறித்துக்கொண்டார். இதன் பயனாக மத்தியகாலச் சிங்களக் கலை பற்றிய பெருநூல் 1908இல் வெளிவந்தது. மோரிசின் கெல்ம்சுகாட் அச்சுப்பொறியிலேயே அதன் 425 படிகள் அச்சிடப்பட்டன.

இங்கு ஒன்று கருதத்தக்கது. தமிழ்த் தந்தையின் மகன் முதலில் பெருநூலாக வரைந்தது சிங்களக் கைவினையைப் பற்றியது. இன உரிமையைக் காட்டிலும் அழியும் மரபின்மீதான பரிவே அவரை இயக்கியது என்பதற்கு இது சான்று. இலங்கைச் சமூகச் சீர்திருத்தச் சங்கத்தின் தலைவராக, ஐரோப்பிய உடையையும் நடையையும் கண்மூடிப் பின்பற்றுவதைக் கண்டித்துத் தாய்மொழிக் கல்வியை வலியுறுத்தினார். தந்தைமொழியை இழந்து வளர்ந்தவர் என்பதனால், அவ்வலியுறுத்தலில் அவருடைய சொந்த இழப்பும் ஒலிக்கிறது எனக் கொள்ளலாம்.

தமிழ் மரபோடு உறவு

சிவனின் நடனம் பற்றிய அவருடைய கட்டுரை, சென்னையில் நல்லசாமிப் பிள்ளை நிறுவிய சித்தாந்த தீபிகை இதழில் 1912இல் வெளிவந்தது. 1918இல் நியூயார்க்கில் வெளியான கட்டுரைத் தொகுதிக்குத் தலைப்பாயிற்று. திருமந்திரம், உண்மை விளக்கம் முதலிய நூல்களைத் துணைக்கொண்டே அவர் கூத்தின் பொருளை விரித்தார். சைவ அறிஞர்தம் ஆங்கில ஆக்கங்கள் அவருக்குக் கைகொடுத்தன. தந்தை தமிழை ஆங்கிலத்திற்குக் கொண்டுசென்றார். அத்தகைய ஆங்கில ஆக்கங்களின் வழியே மகன் தமிழை வந்தடைந்தார்.

நிறைவும் குறையும்

1917இல் பாசுடன் நுண்கலை அருங்காட்சியகத்தில் இந்தியக் கலைப் பிரிவின் பொறுப்பேற்று, இறுதிவரை அங்கேயே பணியாற்றினார். 1934இல் வெளிவந்த கலைக்கோட்பாட்டு நூலில் இந்தியச் சிற்பநூல் மரபையும் செருமானிய ஞானி எக்கார்ட்டின் சிந்தனையையும் அருகருகே வைத்து ஆராய்ந்தார். இளமையில் பிரிந்துகிடந்த இரு உலகங்களும் அவருடைய முதிர்ந்த எழுத்தில் ஒருங்கே இடம்பெற்றன.

எனினும் தொலைவிலிருந்து தேடிப் பெற்ற மரபு பழுதற்ற முழுமையாகத் தோன்றுவது இயல்பு. சாதி அமைப்பைத் தொழில்வழி ஒழுங்காகக் கண்டு அதற்கு ஆதரவாக அவர் வாதிட்டார். அவ்வமைப்பின் கீழ்ப்படியில் இருந்தோரின் துன்பம் அவர் எழுத்தில் போதிய இடம் பெறவில்லை. அம்மரபினுள் பிறந்து வளர்ந்து அதன் சுமையை அறிந்தோர் இங்ஙனம் எழுதியிருத்தல் அரிது. இளமைப் பிரிவு அவருக்குக் கூரிய பார்வையைத் தந்தது. சிலவற்றைக் காணவொட்டாமல் மறைக்கவும் செய்தது.

முடிவுரை

1947 ஆகத்தில், இந்தியா விடுதலை பெற்ற ஒரு வாரத்தில், குமாரசுவாமி எழுபது அகவை நிறைந்தார். பணி ஓய்வுக்குப்பின் இந்தியா சென்று வாழும் விருப்பத்தை அவ்விழாவில் வெளியிட்டார். செப்டம்பர் 9 அன்று நீடாமில் உயிர்நீத்தார்; அவ்விருப்பம் நிறைவேறவில்லை. குருதிவழி மரபறிவு என்னும் எளிய விளக்கத்தை விடுத்து, அவர் எவ்வெவ் ஆங்கில ஆக்கங்களின் வழியாகத் தமிழ்ச் சைவ நூல்களை அணுகினார், அவற்றில் எவற்றை ஏற்றார், எவற்றை விடுத்தார் என்பதை ஒப்பிட்டு ஆராய்தல் தமிழியல் ஆய்வின் கடமையாகும். அவரை நம்மவர் எனப் போற்றுவதினும், அவர் நம் மரபை வந்தடைந்த வழியை அறிவதே பயனுடையது.