சுண்ணாம்புக்கு அடியில் ஓவியம்

ஓவியம் தீட்டியவனைப் போற்ற ஆயிரம் பேர் உண்டு. மறைந்து கிடந்த ஓவியத்தை மீட்டுத் தந்தவனை நினைக்கிறோமா? உழவர்கரைத் தோழர்களே, நம் பக்கத்துப் புதுவை நகரில் வாழ்ந்தார் அப்படி ஒருவர். பெயர் ழுவோ துப்ராய். 1885-ல் சைகோனில் பிறந்த பிரெஞ்சுக்காரர். புதுவைக் கல்லூரி ஆசிரியர். மணியடித்ததும் சாய்வு நாற்காலியைத் தேடியவரல்லர். குன்றையும் குகையையும் தேடியவர். ஆளவந்த நாட்டவர்தாம், நாம் மறக்கவில்லை. ஆயினும் நம் பாட்டன் கைத்திறனை நாமே பாராதிருந்த நாளில் பார்த்தவர் அவர்!

சித்தன்னவாசல் ஓவியத்தை 1920-ல் அறிஞர் உலகுக்கு எடுத்துரைத்தார். அங்கே தூணில் அரசனும் அரசியும் உண்டு, ஆடல் மகளிர் உண்டு. நம் கண் நிலைப்பதோ கூரையில்! தாமரைக் குளம், மீன், அன்னம், யானை, நடுவே நீரில் இறங்கிப் பூப்பறிக்கும் ஆட்கள்.

காஞ்சிக் கைலாசநாதர் கோயிலின் சிற்றறைகளை எத்தனையோ பேர் கடந்து போயினர். எட்டாம் நூற்றாண்டுப் பல்லவ வண்ணத்தின்மேல் சுண்ணாம்பைப் பூசிப் பூசி மூடியிருந்தனர். வெள்ளையடித்தால் விளக்கமாகும் என்று எண்ணினரோ! 1931-ல் அந்தப் பூச்சுக்கு அடியில் ஓவியம் இருப்பதைக் கண்டார் துப்ராய். சிதைந்த முகம், பாதி உடல், அழியாத கோடு, அவ்வளவுதான் மிஞ்சியது.

புதுவையை அடுத்த அரிக்கமேட்டிலும் அதே கண். சிறுவர் பொறுக்கிய மணிகளையும் மதித்து வாங்கிப் பார்த்தார். வீலர் அங்கே முறையாக அகழ்ந்த 1945-லேயே துப்ராய் மறைந்தார். அரிக்கமேட்டுப் பொருள்கள் புதுவை அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. ஓய்வு நாளில் பிள்ளைகளோடு போய்ப் பாருங்கள்.