கடல் கடந்த தோழமை: வில்லியம் நிப் (1803–1845)

மேற்கிந்தியத் தீவுகளுள் ஒன்றாகிய ஜமைக்காவை நம் இளைஞர்கள் கிரிக்கெட் ஆட்டத்தின் வாயிலாகவும், உலகிலேயே மிக விரைந்து ஓடிய உசைன் போல்ட்டின் வாயிலாகவும் அறிவர். அந்தப் போல்ட் பயின்ற பள்ளியின் பெயரை அறிந்தோர் சிலரே. அது வில்லியம் நிப் நினைவு உயர்நிலைப் பள்ளி என்பதாகும். நிப் என்ற சொல்லைக் கேட்டவுடன் நம் தலைமுறையினருக்குப் பேனா முள்ளே நினைவிற்கு வரும். ஆனால் ஈண்டு அது ஒரு வெள்ளையரின் பெயர். வெள்ளைத் துரைமாரின் சவுக்கடிக்கு ஆளான மக்களின் வழித்தோன்றல்கள், தங்கள் பிள்ளைகள் கற்கும் பள்ளிக்கு ஒரு வெள்ளையரின் பெயரைச் சூட்டியது ஏன்? அதனை விளக்கவே இவ்வரலாற்றை எழுதப் புகுந்தோம்.

பாப்டிஸ்டு திருச்சபைகளைப் பற்றி முதற்கண் ஒரு செய்தியை அறிதல் வேண்டும். இவர்கள் குழந்தைகளுக்கு ஞானஸ்நானம் கொடுப்பதில்லை. நம்பிக்கை கொண்டு தாமே கேட்டு வருவோரையே நீரில் மூழ்குவித்துச் சபையில் சேர்ப்பர். ஒவ்வொரு சபையும் தன்னைத் தானே ஆண்டுகொள்ளும். எல்லாச் சபைகளுக்கும் மேலே அமர்ந்து ஆணையிடும் தலைவர் எவரும் இல்லை. ஆதலால் ஒரு நாட்டுச் சபை மற்றொரு நாட்டுச் சபைக்குத் துணை நிற்பதெல்லாம் கட்டளையால் நடப்பதன்று, தோழமையால் நடப்பதே.

ஜமைக்காவில் இத்தோழமையை முதலில் நாடியவர்கள் ஆங்கிலேயர் அல்லர், கறுப்பினத்தாரே. இதனை வரலாற்றாசிரியர் பலர் ஒரு வரியில் கூறி அகன்றுவிடுவர். நாம் அவ்வாறு அகல விரும்பவில்லை. ஏறத்தாழ 1750இல் அமெரிக்காவின் வர்ஜீனியாவில் அடிமையாகப் பிறந்தவர் ஜார்ஜ் லைல். அவருடைய எசமானர் அவரை விடுவித்தார். அந்த எசமானர் போரில் இறந்தபின், வாரிசுகள் லைலை மீண்டும் அடிமையாக்க முனைந்தனர். லைல் சிறையிலும் அடைபட்டார். வெள்ளைப் படைத்தலைவர் ஒருவரிடம் பட்ட கடனுக்கு ஈடாக அவருக்கு ஊழியம் செய்வதாக ஒப்பி, ஜமைக்காவிற்குக் கப்பல் ஏறினார். அங்கு உழைத்துக் கடனை அடைத்து, விடுதலைச் சீட்டுப் பெற்று, கிங்ஸ்டன் நகரில் நால்வரைக் கொண்டு ஒரு சபையைத் தொடங்கினார். ஒரு சங்கமும் அவரை அனுப்பவில்லை. தாமே இலண்டனிலிருந்த ஜான் ரிப்பன் என்னும் போதகருக்குக் கடிதங்கள் எழுதினார். ரிப்பன் அவற்றைத் தம் ஆண்டேட்டில் அச்சிட்டார். லைலின் வழிவந்த மோசஸ் பேக்கர் என்பவரும் இங்கிலாந்திற்கு எழுதித் துணையாட்களைக் கேட்டார். அதன் பயனாகவே 1814இல் ஜான் ரோ என்னும் முதல் ஆங்கில பாப்டிஸ்டு மிஷனெரி அத்தீவில் வந்திறங்கினார்.

இனி நிப்பிற்கு வருவோம். இங்கிலாந்தில் கெட்டரிங் என்னும் சிற்றூரில் 1803ஆம் ஆண்டு செப்டம்பர் 7ஆம் நாள் அவர் பிறந்தார். அவ்வூர் நம் நாட்டிற்கும் தொடர்புடையதே. 1792ஆம் ஆண்டு அக்டோபர் 2ஆம் நாள் ஒரு விதவைப் பெண்மணியின் இல்லத்தில் சிலர் கூடி, 13 பவுன் 2 ஷில்லிங் 6 பென்சு கொடை எழுதி, பாப்டிஸ்டு மிஷனெரிச் சங்கத்தைத் தோற்றுவித்த ஊர் அது. செருப்புத் தைத்துப் பிழைத்த வில்லியம் கேரியை வங்காளத்திற்கு அனுப்பியது அச்சங்கமே. தோல் தொழில் செய்தவர் என்று கேரியை எள்ளியோர் இங்கிலாந்திலும் உண்டு என்பது நம்மவர் அறியத்தக்கது.

நிப் பிரிஸ்டல் நகரில் அச்சுத் தொழில் கற்றார். அவருடைய தமையன் தாமஸ் கிங்ஸ்டனில் அடிமைகளின் பிள்ளைகளுக்குப் பள்ளி நடத்திவந்தார். 1824இல் நோயுற்று மாண்டார். செய்தி கேட்ட தம்பி அவ்விடத்திற்குத் தம்மை ஒப்புவித்தார். அவ்வாண்டே மேரி வாட்கின்ஸ் என்னும் மங்கையை மணந்து கப்பல் ஏறி, 1825இன் தொடக்கத்தில் ஜமைக்காவை அடைந்தார். அவருக்கு அப்போது வயது 21. மூன்று லட்சத்திற்கும் மேற்பட்ட மாந்தர் அங்கே அடிமைகளாக இருந்தனர். ஆசிரியர் தொழிலில் முடி நரைத்த நாம், எழுத்தறிவு பெறுவதையே குற்றமாக எண்ணிய துரைமார் நடுவே ஓர் இளைஞர் பள்ளி நடத்தியதை எளிய செயலாகக் கருத முடியவில்லை.

ஆனால் மெய்யை மறைக்காமல் கூறுதல் வேண்டும். அரசியலில் தலையிடலாகாது என்று சங்கம் தன் ஊழியர்களுக்குக் கட்டளையிட்டிருந்தது. நிப்பும் அதற்குக் கட்டுப்பட்டே நடந்தார். உள்ளம் கொதித்தாலும் பொது மேடையில் வாய் திறவார். 1830இல் சாம் சுவைனி என்ற அடிமை டீக்கன், இறைவேண்டல் செய்த குற்றத்திற்காகச் சவுக்கடி பெற்று, சங்கிலியில் பிணைக்கப்பட்டுச் சாலை வேலைக்கு இழுத்துச் செல்லப்பட்டார். அப்போது நிப் ஊரார் காண அவருடன் தெருவில் நடந்து சென்றார். அக்காலத்தில் அதுவே பெருந்துணிவு. அவ்வாண்டே ஃபால்மவுத் நகரச் சபையின் போதகரானார்.

மான்டிகோ பே நகரச் சபையில் சாம் ஷார்ப் என்றொரு டீக்கன் இருந்தார். அடிமையே எனினும் எழுத்தறிந்தவர், செய்தித்தாள் படிப்பவர். அடிமை ஒழிப்பைப் பற்றி இங்கிலாந்தில் எழுந்த பேச்சை அவற்றில் படித்தார். 1831ஆம் ஆண்டுக் கிறிஸ்துமஸ் விடுமுறை கழிந்ததும் கூலியின்றிக் கரும்பு வெட்டுவதில்லை என்று பல தோட்டத்தாரையும் உறுதி எடுக்கச் செய்தார். அவர் எண்ணியது வேலைநிறுத்தமே. டிசம்பர் 27ஆம் நாள் ஆலயத் திறப்பு ஒன்றில் பேசிய நிப், விடுதலை வந்துவிட்டது என்பது பொய்ச் செய்தி என்றும், எல்லோரும் வேலைக்குத் திரும்புக என்றும் அம்மக்களை வேண்டினார். அவர்கள் முகம் வாடினர். அன்று இரவே கென்சிங்டன் தோட்டத்தில் தீ எழுந்தது. தீவின் மேற்குப் பகுதி முழுதும் கிளர்ச்சி பரவியது. ஏறத்தாழ இரண்டு வாரத்தில் அடக்கப்பட்டது. வெள்ளையர் 14 பேர் இறந்தனர். போரில் வீழ்ந்த அடிமைகளை விடுத்து, விசாரணை என்ற பெயரால் கொல்லப்பட்டோர் மட்டும் 300க்கும் மேற்பட்டோர். 1832 மே 23ஆம் நாள் மான்டிகோ பே சந்தைத் திடலில் சாம் ஷார்ப் தூக்கிலிடப்பட்டார்.

பணிந்திருங்கள் என்று கூறிய நிப்பையும் துரைமார் விடவில்லை. கலகத்தைத் தூண்டியவர் என்று கைது செய்தனர். சான்று கிடைக்காமையால் வழக்குக் கைவிடப்பட்டது. எனினும் துரைமாரின் படையினர் ஃபால்மவுத் ஆலயத்தை இடித்துத் தள்ளினர்; வேறு பல ஆலயங்களும் இடிக்கப்பட்டன. அந்த இடிபாடுகளின் நடுவில்தான் நிப் புதிய மனிதரானார் என்பது நம் கருத்து. தாம் கற்பிக்க வந்த மக்களிடமிருந்து தாமே பாடம் கற்றார். நடுநிலை என்று தாம் எண்ணியிருந்தது நடுநிலையன்று என்பதைத் தூக்குமரங்கள் அவருக்கு உணர்த்தின.

சபையாரின் தூதராக அவர் 1832இல் இங்கிலாந்து திரும்பினார். ஜூன் 21ஆம் நாள் இலண்டனில் நடந்த சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்தில், இனி அடிமைமுறையோடு சமாதானம் இல்லை என்ற பொருள்படப் பேசினார். எச்சரிக்கை மிக்க செயலாளர் அவருடைய மேலங்கியின் பின்புறத்தைப் பிடித்து இழுத்தார் என்பர், நிப் நிறுத்தவில்லை. தம்மைச் சங்கம் கைவிட்டாலும் தாம் அம்மக்களைக் கைவிடுவதில்லை என்று உறுதி கூறினார். கூட்டம் அவர் பக்கம் சாய்ந்தது. ஊர் ஊராகச் சென்று பேசினார். நாடாளுமன்றத்தின் இரு அவைக் குழுக்களின் முன்னும் சான்று கூறினார். 1833இல் சட்டம் நிறைவேறியது.

அச்சட்டத்தின் கணக்கையும் நம் இளைஞர்கள் அறிதல் நன்று. ஈட்டுத் தொகை இரண்டு கோடி பவுன். அது எசமானர்க்கே சென்றது. முதுகில் தழும்பேறியவர்க்கு ஒரு பென்சும் இல்லை. அதற்காக வாங்கிய கடனைப் பிரிட்டிஷ் அரசு 2015இல்தான் முற்றிலும் அடைத்து முடித்தது. 1834 ஆகஸ்டு 1ஆம் நாள் சட்டம் நடைமுறைக்கு வந்த பின்னரும், தொழிற்பயிற்சி என்ற பெயரில் கூலியில்லா உழைப்பு தொடர்ந்தது. நிப் முதலானோர் இடைவிடாது எதிர்த்தமையால் 1838இல் அதுவும் ஒழிந்தது. அவ்வாண்டு ஜூலை 31ஆம் நாள் இரவு ஃபால்மவுத் ஆலயத்தில் மக்கள் திரண்டிருக்க, கடிகாரம் நள்ளிரவைக் காட்டியபோது அடிமைத்தனம் மடிந்தது என்று நிப் முழங்கினார். சங்கிலியையும், சவுக்கையும், கழுத்திரும்பையும் ஒரு சவப்பெட்டியில் வைத்துப் புதைத்து, அவ்விடத்தில் ஒரு மரத்தையும் நட்டனர்.

விடுதலை பெற்றவன் எங்கே படுப்பான்? அவன் குடிசை நின்ற நிலமும் துரையுடையதே. குறைந்த கூலிக்கு வர மறுத்தவர்களின் குடிசை வாடகையைத் துரைமார் உயர்த்தினர், பலரை வெளியேற்றினர். பிறர் மனையில் குடியிருப்பவன் பிறர்க்கு அஞ்சியே வாழவேண்டும் என்பதை நாம் ஏட்டில் படித்து அறிந்தோமில்லை. நிப் இதனை நன்கு உணர்ந்தார். இங்கிலாந்து நண்பர்களின் துணையுடன் தோட்ட நிலங்களை விலைக்கு வாங்கி, மனைகளாகப் பகுத்து, விடுதலையானோர்க்கு விற்றார். மிஷனெரிகள் இவ்வாறு பல ஊர்களை எழுப்பினர். அவற்றுள் ஒன்றிற்குத் தாம் பிறந்த கெட்டரிங்கின் பெயரையே இட்டார். நிலம் உடையோர்க்கு வாக்குரிமையும் கிட்டியது. மனைப் பத்திரம் வாக்குச்சீட்டுமாயிற்று.

கொடுப்பவர், பெறுபவர் என்ற நிலையும் விரைவில் மாறியது. 1840இல் இலண்டனில் கூடிய உலக அடிமை ஒழிப்பு மாநாட்டிற்கு நிப் தனியே செல்லவில்லை. எட்வர்டு பாரெட், ஹென்றி பெக்ஃபோர்டு என்னும் இரு கறுப்பின டீக்கன்களை உடன் அழைத்துச் சென்றார். அம்மாநாட்டை ஹேடன் என்ற ஓவியர் தீட்டிய படத்தின் முன்பகுதியில் பெக்ஃபோர்டு அமர்ந்திருப்பதை இன்றும் இலண்டனில் காணலாம். 1842இல் ஜமைக்காச் சபைகள் சங்கத்தின் பணத்தை இனி வேண்டோம் என்று அறிவித்துத் தம் காலில் நின்றன. 1843இல் உள்நாட்டுப் போதகர்களைப் பயிற்ற கலபார் கல்லூரி திறக்கப்பட்டது. தம் முன்னோர் சங்கிலியில் கடந்த அதே கடலை, ஜோசப் மெரிக் முதலிய ஜமைக்கா மக்கள் மிஷனெரிகளாகக் கடந்து மேற்கு ஆப்பிரிக்காவை அடைந்தனர். மெரிக் கேமரூன் கரையில் அச்சகம் அமைத்து, அங்குள்ளோர் மொழியில் வேதப் பகுதிகளைப் பெயர்த்தார்.

1845ஆம் ஆண்டை மட்டும் சற்று உற்று நோக்குவோம். அவ்வாண்டு மே மாதம் இந்தியாவிலிருந்து ஒப்பந்தக் கூலிகளை ஏற்றிய முதற்கப்பல் ஜமைக்காவில் கரையடைந்தது. விடுதலை பெற்றோரின் கூலியைக் குறைக்கத் துரைமார் கண்ட வழி அது. பாப்டிஸ்டு மிஷனெரிகள் இத்தகைய ஆள் இறக்குமதியை எதிர்த்து வந்தனர். அதே மாதத்தில், ஜார்ஜ் லைல் அடிமையாக இருந்த அதே ஜார்ஜியா மாநிலத்தில், அடிமைகளை வைத்திருப்போரும் மிஷனெரிகளாகலாம் என்று வாதிட்ட வெள்ளை பாப்டிஸ்டுகள் வடபகுதியாரிடமிருந்து பிரிந்து, தென்னக பாப்டிஸ்டு மாமன்றத்தை அமைத்தனர். ஒரே ஞானஸ்நானம் பெற்றோர்தாம் இரு சாராரும். அம்மாமன்றம் அச்செயலுக்கு மன்னிப்புக் கோரியது 1995இல்.

நவம்பர் 15ஆம் நாள் ஜமைக்காக் கெட்டரிங்கில் மஞ்சட்காய்ச்சலால் நிப் காலமானார். வயது 42. ஃபால்மவுத் ஆலய வளாகத்தில் அடக்கம் செய்யப்பட்டார், ஆயிரக்கணக்கானோர் திரண்டனர்.

உலகெங்குமுள்ள இச்சபைகள் 1905இல் இலண்டனில் கூடி உலக பாப்டிஸ்டுக் கூட்டமைப்பை நிறுவின. 1975இல் ஜமைக்கா அரசு சாம் ஷார்ப்பைத் தேசிய வீரராக அறிவித்தது. மான்டிகோ பேயில் அவர் பெயரால் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியும் எழுந்தது. முழு விடுதலையின் நூற்றைம்பதாம் ஆண்டாகிய 1988இல், அந்நாட்டின் உயர்ந்த விருதுகளுள் ஒன்றான ஆர்டர் ஆஃப் மெரிட் நிப்பிற்கு அளிக்கப்பட்டது. தூக்கிலிடப்பட்டவர்க்கு முதலிலும், துணை நின்றவர்க்குப் பின்னரும் சிறப்புச் செய்த அவ்வரிசை நமக்குப் பொருத்தமாகவே படுகிறது. 2007இல் அந்த உலகக் கூட்டமைப்பின் பொதுச் செயலாளராகப் பொறுப்பேற்று, பத்தாண்டு அப்பணியாற்றியவர் நெவில் கலம். அவர் ஜமைக்காக்காரர்.