ஓவியர் ரவிவர்மா

திருவிதாங்கூரைச் சார்ந்த கிளிமானூரில் 1848 ஆம் ஆண்டு ஏப்ரல் 29 ஆம் நாள் ரவிவர்மா பிறந்தார். இளமையிற் சுவர்களிற் கரியால் உருவெழுதிய அவருக்குத் தாய்மாமன் ராஜராஜவர்மரே முதலாசிரியரானார். 1873 இல் நமது சென்னைக் கண்காட்சியில் அவர் தீட்டிய நாயர் மாதின் படம் பொற்பதக்கம் பெற்றது.

அது முதல் அரசர் பலரும் பெரும்பொருள் ஈந்து அவரை வரவழைத்தனர். ஆயினும் அரண்மனைச் சுவரில் அமைந்த கலை ஏழைக்கு எட்டுவது எங்ஙனம்? படங்களை அச்சிட்டுப் பரப்புமாறு ஸர் டி. மாதவராவ் முன்னரே யோசனை கூறியிருந்தார். அதன்படி 1894 இல் பம்பாயில், தம்பி ராஜராஜவர்மரின் துணையுடன், கல்லச்சுக்கூடம் ஒன்றை நிறுவினார். இயந்திரங்கள் ஜெர்மனியினின்று வந்தன. ஒவ்வொரு வண்ணத்திற்கும் தனித்தனிக் கல்லில் எழுதி, ஒன்றன்மேல் ஒன்றாகப் பதிப்பதே அத்தொழில். சகுந்தலை ஜனனம் முதலில் வெளிவந்தது. ஆலயத்துட் புகும் உரிமை மறுக்கப்பட்டோர் குடிசைகளிலும் திருமகளும் கலைமகளும் காட்சியளித்தனர்.

வாணிகமோ நஷ்டத்தில் முடிந்தது. பிளேக் நோயும் கடனும் நெருக்கவே, அச்சுக்கூடம் பம்பாயை விட்டு மளவ்லிக்குப் பெயர்ந்து, பின்னர் ஜெர்மானியர் ஒருவருக்கு விற்கப்பட்டது. 1905 இல் தம்பியை இழந்த ரவிவர்மா, 1906 அக்டோபர் 2 ஆம் நாள் கிளிமானூரிலேயே காலமானார்.

ராயப்பேட்டைக் கடைகளில் தொங்கும் நாட்காட்டியில் இலக்குமியைக் காணும் மாணவர், தம் பொருளிழந்து அவ்வுருவை எளியோர்க்கு ஈந்தவரை ஒருகணம் நினைவாராக.