ரொனால்ட் ராஸ் மறுபடி எழுதிய தேர்வு

மலேரியாவைக் கொசு பரப்புகிறது என்று மெய்ப்பித்தவர் ரொனால்ட் ராஸ். 1902ஆம் ஆண்டு மருத்துவத்துக்கான நோபல் பரிசைப் பெற்றவர். பாடநூலில் ஒரு வரியில் முடிந்துவிடும் செய்தி இது. மருத்துவத் தேர்வு ஒன்றில் தோற்றுவிட்டு அவர் கப்பலில் வேலைக்குப் போனது அந்த வரியில் வராது.

ஆறாம் படிவ மாணவர்களுடன் பேசும் வாய்ப்பு எனக்கு அடிக்கடி கிடைக்கிறது. உயிரியலில் ஏ, வேதியியலில் சி என்று ஏறுமாறான முடிவுகளைக் கையில் வைத்துக்கொண்டு, இந்த ஆண்டே மருத்துவத்துக்கு விண்ணப்பிப்பதா, மறுதேர்வு எழுதிவிட்டு அடுத்த ஆண்டு பார்ப்பதா என்று அவர்கள் கேட்கும்போது எனக்கு ராஸின் நினைவு வரும்.

ராஸ் 1857ஆம் ஆண்டு மே 13ஆம் தேதி இமயமலை அடிவாரத்து அல்மோராவில் பிறந்தார். பத்துப் பிள்ளைகளில் மூத்தவர். தந்தை ஆங்கிலேயரின் இந்திய இராணுவத்தில் உயர் அதிகாரி. எட்டு வயதில் படிப்புக்காக இங்கிலாந்திலுள்ள உறவினர் வீட்டுக்கு அனுப்பி வைக்கப்பட்டார். 14 வயதில் கணிதத்துக்குப் பரிசு வாங்கினார். பரிசாகக் கிடைத்தது வானியல் நூல் ஒன்று. 16 வயதில், ஆக்ஸ்போர்டு, கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகங்கள் பள்ளி மாணவர்களுக்கு நடத்திய தேர்வில் ஓவியத்துக்கு முதலிடம். கணிதமும் ஓவியமும் இப்படிக் கைகொடுத்தாலும் அவர் மனம் எழுத்தாளர் ஆவதில்தான் இருந்தது. தந்தையோ மகனை மருத்துவராக்க முடிவு செய்துவிட்டார். 1874ஆம் ஆண்டு, 17 வயதில், லண்டனின் புனித பார்த்தலோமியு மருத்துவமனைக் கல்லூரியில் ராஸ் சேர்க்கப்பட்டார்.

சேர்ந்தாரே தவிர, படித்தாரா என்றால் அது வேறு கதை. கவிதை, நாடகம், இசையமைப்பு என்றுதான் அவருடைய பொழுது கழிந்தது. இந்தியாவில் இராணுவ மருத்துவராக வேண்டுமானால் அறுவை சிகிச்சைக்கு ஒன்று, பொது மருத்துவத்துக்கு ஒன்று என இரண்டு தகுதிகள் தேவை. 1879இல் அறுவை சிகிச்சைத் தேர்வில் தேறினார். அப்போத்திக்கரி சங்கம் நடத்திய பொது மருத்துவத் தேர்வில் தோற்றார்.

உடனே மறுபடி எழுதித் தன் அதிர்ஷ்டத்தைச் சோதிக்க அவர் முனையவில்லை. அட்லாண்டிக் கடலைக் கடக்கும் நீராவிக் கப்பலில் மருத்துவராக வேலைக்குச் சேர்ந்தார். கையில் இருந்த ஒரே தகுதி அந்த வேலைக்குப் போதுமானதாக இருந்தது. லண்டனுக்கும் நியூயார்க்குக்கும் இடையே போய் வந்தபடியே, தோற்ற தேர்வுக்குப் படித்தார். 1881இல் இரண்டாம் முறை எழுதித் தேறினார். அதே ஆண்டு இந்திய மருத்துவச் சேவையிலும் இடம் கிடைத்தது. தேறியவர்களின் பட்டியலில் அவர் பெயர் கீழ்ப்பகுதியில்தான் இருந்தது. அவருக்கு ஒதுக்கப்பட்டது மதராஸ் மாகாணம்.

எனக்குத் தோன்றுவதைச் சொல்கிறேன். ராஸ் காலம் தாழ்த்தியது 1879க்குப் பிறகு அல்ல. அந்த இரண்டு ஆண்டுகள் வீண்போகவில்லை. விருப்பம் இல்லாமல் 17 வயதில் உள்ளே போனதுதான் அவசரம். அந்த ஐந்து ஆண்டுகளில் அவருக்குக் குறைவாக இருந்தது அறிவல்ல, கவனம். ஆகவே உங்கள் சான்றிதழில் ஒரு பாடம் மட்டும் சறுக்கியிருந்தால், அது எதனால் என்று முதலில் பாருங்கள். வேதியியல் புரியாமல் சறுக்கியதா, படிக்காமல் சறுக்கியதா, அல்லது மருத்துவமே அப்பா அம்மாவின் ஆசையா? ஓராண்டு காத்திருந்தால் முதல் இரண்டையும் சரிசெய்யலாம். மூன்றாவதற்கு எத்தனை மறுதேர்வு எழுதினாலும் போதாது.

ராஸைக் காட்டி, எந்தப் புள்ளி வாங்கினாலும் பரவாயில்லை என்று நான் சொல்ல வரவில்லை. அன்றைய லண்டனில் கல்லூரிக்குள் நுழைவது எளிது, தகுதித் தேர்வில் தேறி வெளியே வருவதுதான் கடினம். இன்று வாசலிலேயே வடிகட்டி விடுகிறார்கள். அதனால் அவர் உள்ளே போன பிறகு செய்த காத்திருப்பை நீங்கள் வெளியே நின்று செய்ய வேண்டியிருக்கலாம்.

இந்தியாவுக்கு வந்ததும் அவர் மாறிவிட்டாரா? இல்லை. வேலை குறைவு, ஓய்வு அதிகம். நாவல் எழுதினார், கணிதத்தைத் தானே கற்றார். 1883இல் பெங்களூரில் இருந்தபோது, தேங்கிய தண்ணீரை அகற்றினால் கொசு குறைவதைக் கவனித்தார். உண்மையான திருப்பம் 1888இல் வந்தது. விடுப்பில் இங்கிலாந்து போனவர், யாரும் கட்டாயப்படுத்தாமலே பொதுச் சுகாதாரத்தில் பட்டயம் பெற்றார், நுண்ணுயிரியலும் கற்றார். அப்போது அவருக்கு வயது 31. கல்லூரியில் சேர்ந்து 14 ஆண்டுகள் கழித்துத்தான் ராஸ் மருத்துவ மாணவர் ஆனார் என்பேன்.

மலேரியா கிருமியைப் பிரெஞ்சு மருத்துவர் லவெரான் 1880இலேயே கண்டிருந்தார். ராஸ் அதை நம்பவில்லை. 1894இல் லண்டனில் பாட்ரிக் மேன்சன் நுண்ணோக்கியில் காட்டிய பிறகே ஏற்றுக்கொண்டார். மறு ஆண்டு செகந்திராபாத்துக்குத் திரும்பி, கொசுக்களை அறுத்து ஆராயத் தொடங்கினார். இரண்டு ஆண்டுகள் அறுத்தவை பெரும்பாலும் மலேரியாவைப் பரப்பாத வகைகள். இடையில் காலரா பணிக்காக பெங்களூருக்கு அனுப்பினார்கள். 1897இல் ஊட்டியை அடுத்த சீகூர் பகுதிக்கு மலேரியாவை ஆராயப் போனவருக்கு மலேரியாவே வந்துவிட்டது.

அந்த ஆகஸ்டு மாத வெயிலில், வெட்டி வைத்த கொசு பறந்துவிடும் என்பதால் பங்கா விசிறியைக்கூட அவர் போடவிடவில்லை. வியர்வை பட்டு நுண்ணோக்கியின் திருகுகள் துருப்பிடித்தன. கொசுவைக் கடிக்கவிட்ட நோயாளிக்கு, இரத்தம் குடித்த கொசு ஒன்றுக்கு ஓர் அணா கொடுத்தார். ஆகஸ்டு 20ஆம் தேதி, அனோபிலிஸ் வகைக் கொசு ஒன்றின் இரைப்பைச் சுவரில், மலேரியா கிருமிக்கே உரிய கருநிறத் துகள்களோடு வட்டமான உயிரணுக்களைக் கண்டார். அந்த நாளைத்தான் இன்று உலகக் கொசு நாள் என்கிறோம். 1898இல் கல்கத்தாவில் பறவைகளையும் கொசுக்களையும் வைத்து, கிருமி கொசுவின் உமிழ்நீர்ச் சுரப்பிக்குப் போய்ச் சேருவதையும் காட்டினார். மனிதரிடத்தில் அந்தச் சுற்று முழுவதையும் விளக்கியவர்கள் இத்தாலியின் கிராஸியும் அவர் தோழர்களும். யாருக்குப் பெருமை என்று ராஸ் அவர்களோடு ஆயுள் முழுக்கச் சண்டை போட்டார். அந்தக் குணத்தைப் பின்பற்றச் சொல்ல மாட்டேன்.

மருத்துவத்துக்குத் தொடர்பில்லாதவை என்று தோன்றிய அந்த இரண்டு பாடங்களும் பிறகு அவருக்கு உதவின. நுண்ணோக்கியில் கண்டதை அவர் தம் கையாலேயே குறிப்பேட்டில் வரைந்து வைத்தார். ஒரு வட்டாரத்தில் எல்லாக் கொசுக்களையும் ஒழிக்கத் தேவையில்லை, குறிப்பிட்ட அளவுக்குக் கீழே குறைத்தாலே மலேரியா தானாக அற்றுப்போகும் என்று கணக்குப் போட்டுக் காட்டினார். தொற்றுநோய்களைக் கணித்துச் சொல்லும் இன்றைய கணிதத்துக்கு அதுவும் ஒரு வேர்.

அவருடைய கண்டுபிடிப்பு நம் மண்ணுக்கு வர நெடுங்காலம் ஆகவில்லை. 1901இல் கிள்ளானிலும், புதிதாகத் திறந்த போர்ட் சுவெட்டன்ஹாமிலும், அதாவது இன்றைய கிள்ளான் துறைமுகத்திலும், மலேரியா ஆட்களைச் சாய்த்தது. கிள்ளான் வட்டார மருத்துவர் மல்கம் வாட்சன் சதுப்பு நிலங்களில் வடிகால் வெட்டவைத்தார். காய்ச்சல் சரிந்தது. பின்னர் அவருடைய கவனம் ரப்பர்த் தோட்டங்கள் பக்கம் திரும்பியது. அங்கே காய்ச்சலில் மாண்டவர்களில் பெரும்பாலோர் தமிழகத்திலிருந்து வந்த நம் தொழிலாளர்கள். மலைச் சாரல் தோட்டங்களில் ஓடைகளில் எண்ணெய் தெளிக்கும் முறையும் அந்த முயற்சிகளின் வழியே வந்தது. தோட்டத்தில் வளர்ந்த தாத்தா பாட்டி வீட்டில் இருந்தால், கால்வாயில் கொசு எண்ணெய் தெளிக்க வந்தவரைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள்.