இருநூறைக் கூறிட்ட இராமானுஜன்

கணித மேதை இராமானுஜனின் பெயரைக் கேளாதார் நம்முள் மிகச் சிலரே. 1729 என்னும் எண்ணைக் கொண்டே அவரைப் பலரும் நினைவுகூர்வர். நாம் ஈண்டுக் கூற விழைவது அதனினும் மிகப் பெரியதோர் எண்ணைப் பற்றியது.

1887-ஆம் ஆண்டு திசம்பர் 22-ஆம் நாள் ஈரோட்டில் பிறந்த அவர் கும்பகோணத்தில் வளர்ந்தார். தந்தையார் துணிக்கடைக் கணக்கர். தாளின் விலைக்கு அஞ்சிக் கற்பலகையில் எழுதி, முழங்கையால் அழித்து, முடிவை மட்டும் குறிப்பேட்டில் பதிந்துகொள்வது அவர் வழக்கம். கணக்கிலேயே மூழ்கிப் பிற பாடங்களைப் புறக்கணித்தமையால் கல்லூரித் தேர்வில் தோற்றார், உதவித்தொகையும் போயிற்று. 1912-இல் சென்னைத் துறைமுகத்தில் மாதம் 30 ரூபாய்ச் சம்பளத்தில் எழுத்தராக அமர்ந்தார். மறு ஆண்டு கேம்பிரிட்ஜ் கணித அறிஞர் ஹார்டிக்கு மடல் விடுத்தார், 1914-இல் கப்பலேறினார்.

அங்கு இருவரும் ஆராய்ந்தவற்றுள் ஒன்று, எண்ணைக் கூறிடும் கணக்கு. நான்கு புளியங்கொட்டைகளை எடுத்துக்கொள்வோம். அவற்றை ஒரே குவியலாக வைக்கலாம். மூன்றும் ஒன்றுமாக, இரண்டும் இரண்டுமாக, இரண்டும் ஒன்றும் ஒன்றுமாக, தனித்தனி நான்காகவும் வைக்கலாம். ஆக ஐந்து வழிகள். (குவியல்களை இடம் மாற்றி வைப்பது புது வழி ஆகாது.) ஐந்து கொட்டைகளுக்கு எத்தனை என்று மாணவர்கள் வீட்டில் வைத்துப் பார்க்கட்டும், ஏழு வரவேண்டும். பத்துக்கு 42 வழிகள். நூற்றுக்கோ 190,569,292! பெரிய எண்ணுக்கு நேரே விடை காட்டும் வாய்பாடு அதுவரை இல்லை.

அத்தகைய வாய்பாடு ஒன்றை இருவரும் உருவாக்கினர். அது மெய்தானா என அறிய உரைகல் வேண்டுமே! படைத்துறையில் மேஜராகப் பணியாற்றிய மக்மகன் என்னும் அறிஞர், சிறிய எண்களின் விடைகளைக் கொண்டு அடுத்த எண்ணின் விடையைக் காணும் முறையில், 200 வரை கையாலேயே கணக்கிட்டு அட்டவணை அமைத்தார். கணிப்பொறி இல்லாத காலம். ஓரிடத்தில் பிழை நேரின் பின்வருவனவும் பிழையாகும். 200-க்கு அவர் கண்ட விடை 3,972,999,029,388. ஏறத்தாழ நான்கு இலட்சம் கோடி! வாய்பாட்டின் முதல் எட்டு உறுப்புகளைக் கூட்டியபோதும் இதே எண் வந்தது. மிகுதியாக நின்றது ஆயிரத்தில் நான்கு பங்கே.

அவ்வட்டவணையில் இராமானுஜன் கண்ணுக்கு வேறொன்றும் தென்பட்டது. 4, 9, 14, 19 ஆகியவற்றின் விடைகள் முறையே 5, 30, 135, 490. யாவும் ஐந்தால் மீதியின்றி வகுபடுகின்றன. 4-இலோ 9-இலோ முடியும் எண் எத்துணைப் பெரிதாயினும் இது பொய்க்காது என நிறுவி, 1919-இல் வெளியிட்டார்.

1918-இல் இலண்டன் இராயல் கழகம் அவரை உறுப்பினராக்கிச் சிறப்பித்தது. ஆயினும் போர்க்கால இங்கிலாந்தில் மரக்கறி உணவு கிடைப்பது அரிதாயிற்று; நோய் அவரை வாட்டியது. 1919-இல் தாயகம் திரும்பியவர், 1920 ஏப்ரல் 26-இல் சென்னையில் மறைந்தார். அகவை 32. நோய்ப்படுக்கையிலும் கணக்கை விட்டாரல்லர். அந்நாளில் அவர் எழுதிய தாள்கள் 1976-இல் கேம்பிரிட்ஜ் திரினிட்டிக் கல்லூரி நூலகத்தில் கண்டெடுக்கப்பட்டன. அவற்றில் அறுநூற்றுக்கும் மேற்பட்ட வாய்பாடுகள் இருந்தன.