வைத்தியர் தாமஸ் லாட்டா

1832-ஆம் ஆண்டில் ஸ்காட்லாந்து தேசத்தில் வாந்திபேதி கண்ட மாந்தர் பலர் மாண்டனர். அக்காலத்து வைத்தியர் பலர், வற்றிய உடலினின்றும் மேலும் இரத்தத்தை வாங்கினர்! லீத் நகரத்து வைத்தியராகிய தாமஸ் லாட்டாவோ, அந்நோயாளரின் இரத்தத்தில் நீரும் உப்பும் குன்றுகின்றன என்று ஓஷானஸி என்பார் ஆராய்ந்து கண்ட உண்மையைத் துணைக்கொண்டார்.

மரணத்தறுவாயிலிருந்த மூதாட்டி ஒருத்தியின் இரத்த நாளத்தில் அவர் உப்புநீரைச் சிறிது சிறிதாகச் செலுத்தினார். 6 பைண்ட் அளவு சென்றதும் குழிந்த கண்கள் ஒளிபெற்றன. ஒடுங்கிய நாடி எழுந்தது. ஆபத்து நீங்கிற்றென்றெண்ணி, அவளைப் பிறர் காவலில் விட்டு இளைப்பாறச் சென்றார். பேதியோ மீண்டும் தொடங்கிற்று; சில மணி நேரத்தில் அவள் இறந்தாள்.

லாட்டா சோர்ந்தாரல்லர். இழப்பு நீடிக்குமளவும் ஈடும் நீடித்தல் வேண்டுமெனத் தெளிந்து, பின்வந்தோர்க்குத் திரும்பத் திரும்பச் செலுத்திச் சிலரைப் பிழைப்பித்தார். 1833-இல் அவர் காலஞ்சென்றார். அவர் முறையும் நெடுநாள் மறக்கப்பட்டுக் கிடந்தது.

பேதியால் வாடும் குழந்தையை இன்று சோதிப்போர், கண்கள் குழிந்துள்ளனவா, கிள்ளிவிட்ட வயிற்றுத்தோல் மெல்லத் திரும்புகின்றதா என நோக்குவர். மயங்கிப் பருகமாட்டாத குழந்தைக்கு நாளத்தின் வழியே உடனே நீர் ஏற்றுவர். நீர் வற்றியும் பருகவல்ல குழந்தைக்கு, உப்பும் சர்க்கரையும் அளவறிந்து கலந்த நீரை, எடையில் கிலோ ஒன்றுக்கு 75 மில்லிலிட்டராக 4 மணி நேரத்தில் புகட்டுவர், தாய்ப்பாலை நிறுத்தார். அதன்பின் கழியும் ஒவ்வொரு பேதிக்கும் ஈடு செய்வர். குழந்தை தெளிந்தவுடன் காவலைத் தளர்த்தலாகாது என்னும் இப்பாடத்திற்கு, நாம் லாட்டாவுக்கும் பெயரறியா அம்மூதாட்டிக்கும் கடமைப்பட்டுள்ளோம்.